ஒரு ஐரிஷ் சிப்பாயின் 53 ஆண்டுகள்: நிகழ்வு ஆய்வு

## இந்த ஆய்வு எதற்கு

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்புக்காக மூன்று ஆண்டுகள் போரிட்ட ஒரு சிப்பாய், 1915-ல் ஒரு மனநல மருத்துவமனையில் இறந்தார். போரையும் போர்க்கால நோயையும் தாண்டி வந்தவரை எழுபது வயதுக்கு மேல் சாய்த்தது ஒரு பாவாடை. அவர் கேட்டு வாங்கிய உடுப்பு இல்லை அது. ஊழியர்கள் கட்டாயமாக உடுத்திவிட்டது.

அயர்லாந்தில் பெண் குழந்தையாகப் பிறந்தவர். 18 வயதில் ஆண் பெயரில் படையில் சேர்ந்தார். போர் முடிந்த பிறகும் அந்தப் பெயரை விடவில்லை. ஆணாகவே உழைத்தார், ஓட்டுப் போட்டார், ஓய்வூதியம் வாங்கினார். வயதானபோது அவர் உடலைப் பற்றிய உண்மை ஒவ்வொருவர் கையாக வந்து சேர்ந்தது: அண்டை வீட்டுக் குடும்பம், ஒரு மருத்துவர், ஒரு முதியோர் இல்லம், ஒரு மனநல மருத்துவமனை, கடைசியில் ஓய்வூதியத் துறை. எல்லாருக்கும் தெரிய வந்தது ஒரே விஷயம்தான், ஆனால் அவர்கள் எடுத்த முடிவுகள் வேறு வேறு. முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்கள் இந்த முடிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அவருக்கு இரண்டு பெயர்கள் உண்டு. எந்தப் பெயரால் அழைப்பது என்பதே அவர் காலத்தில் சண்டையாக இருந்தது. அதனால் இங்கே 'சிப்பாய்' என்றே எழுதுகிறேன். அவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் ஒவ்வொரு வரியிலும் ஆணா பெண்ணா என்று தீர்மானித்தாக வேண்டும். தமிழில் மரியாதையாக 'அவர்' என்றால் போதும்.

## பின்புலம்

பிறந்தது 1843 டிசம்பர் 25, அயர்லாந்தின் கிழக்குக் கரையில், லவுத் மாவட்டத்துக் க்ளோகர்ஹெட். கடலோர மீனவ ஊர். அவருக்கு இரண்டு வயது ஆகும் முன்பே, 1845-ல், உருளைக்கிழங்குச் செடியில் கருகல் நோய் இறங்கியது. ஏழைகளுக்கு உருளைக்கிழங்குதான் மூன்று வேளைச் சாப்பாடு. 1852 வரை நீண்ட பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதே அளவு மக்கள் கப்பலேறினார்கள். அப்படிப் போனவர்களில் பலர் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் துப்பாக்கி தூக்கினார்கள். வடக்குப் படையில் மட்டும் அயர்லாந்தில் பிறந்தவர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர்.

சிப்பாய் எப்போது, எப்படி அமெரிக்கா வந்தார்? அவரே சொன்ன கதைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. செருப்புத் தொழிற்சாலையில் வேலை கிடைக்கட்டும் என்று மாற்றாந்தகப்பன் பையன் உடுப்பு மாட்டிவிட்டதாக ஒரு கதை. கப்பலில் ஒளிந்து வந்ததாக இன்னொரு கதை. பிறர் உட்கார்ந்து கேட்டு எழுதியபோது அவர் மனம் தளர்ந்துபோயிருந்தது. அதனால் இந்தக் கதைகளை வைத்து நான் எதையும் முடிவு செய்யப்போவதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பது மட்டும் உறுதி. பத்திரங்களில் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போடுவார்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்கு வந்த ஐரிஷ் பெண்ணுக்குக் கிடைத்தது பெரும்பாலும் அடுத்தவர் வீட்டு அடுப்படி வேலை. படையில் சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், சாப்பாடு, உடுப்பு. இதற்காகத்தான் சேர்ந்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத, துணையில்லாத ஒரு இளம் உயிருக்கு அந்த 13 டாலர் என்னவாகத் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க முடிகிறது.

## 1862: கையும் காலும்

1862 ஜூலையில் அதிபர் லிங்கன் மூன்று லட்சம் பேரைப் படைக்குக் கேட்டார். ஆகஸ்ட் 6 அன்று, இல்லினாய் மாநிலத்தின் பெல்விடெர் ஊரில், சிப்பாய் 95-வது இல்லினாய் காலாட்படையில் பெயர் கொடுத்தார். வயது 19 என்று பதிவானது. ஆளோ சின்ன ஆள், ஐந்தடி சொச்சம்.

விதிப்படி மருத்துவர் உடுப்பைக் களையச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். நடந்தது அதுவல்ல. கூடச் சேர்ந்த ஒருவர் பல ஆண்டுகள் கழித்து வாக்குமூலத்தில் சொன்னார்: யாரும் உடுப்பைக் கழற்றவில்லை, கையையும் காலையும்தான் காட்டினோம். அந்தக் காலத்துத் தோட்டா காகிதத்தில் சுருட்டியது. பல்லால் கடித்துக் கிழித்துத்தான் வெடிமருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். நடக்கக் கால், கிழிக்கப் பல், விசையை இழுக்க விரல். ஆள் பிடிக்கும் அவசரத்தில் அவர்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இந்தக் காட்சியைப் பின்னால் வரப்போகும் குளியலறையோடு சேர்த்து நினைவில் வையுங்கள். 1862-ல் ஒரு நிறுவனம் 'இவரால் வேலை செய்ய முடியுமா' என்று மட்டும் கேட்டது. அலட்சியத்தால் அப்படிக் கேட்டதுதான், பெருந்தன்மையால் அல்ல. ஆனாலும் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தது.

## படையில் மூன்று ஆண்டுகள்

95-வது படைப்பிரிவு ஜெனரல் கிராண்டின் டென்னஸி படையோடு சேர்ந்தது. 1863 மே மாதம், தெற்குத் தரப்பின் கையில் இருந்த விக்ஸ்பர்க் கோட்டைநகரைச் சுற்றி வளைத்தார்கள். மே 19, 22 ஆகிய இரண்டு நாள்களிலும் நேருக்கு நேர் தாக்கிப் பார்த்தும் கோட்டை விழவில்லை. அப்புறம் பட்டினி போட்டுப் பிடித்தார்கள். ஜூலை 4 அன்று ஊர் சரணடைந்தது. 1864 வசந்தத்தில் ரெட் ரிவர் படையெடுப்பு. அதே ஆண்டு ஜூன் 10 அன்று மிசிசிப்பியில் பிரைஸ் கிராஸ்ரோட்ஸ் என்ற இடத்தில் பெரும் தோல்வி. படைப்பிரிவின் கர்னலே அங்கு விழுந்தார். டிசம்பரில் நாஷ்வில் சண்டை, 1865-ல் மொபைல் நகர முற்றுகை. சிறிதும் பெரிதுமாகச் சுமார் 40 மோதல்கள். படைப்பிரிவு இழந்த 289 பேரில் சண்டையில் இறந்தவர்கள் 84, நோயில் இறந்தவர்கள் 205. அதாவது எதிரியைவிடத் தண்ணீரும் கொசுவும் கொன்றவர்கள் இரண்டு மடங்குக்கும் மேல்.

சிப்பாயும் விக்ஸ்பர்க் முற்றுகையின்போது வயிற்றுப்போக்கில் விழுந்து ராணுவ மருத்துவமனைக்குப் போனார். அங்கேயும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. எப்படி என்று இன்று வியப்பாக இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துப் படைவாழ்க்கையைப் பார்த்தால் அவ்வளவு வியப்பில்லை. உடுத்திய உடுப்போடுதான் தூங்குவார்கள். குளிப்பது அரிது. மறைவுக்குக் காட்டுக்குள் போவார்கள். மீசை அரும்பாத பையன்கள் படையில் நிறைய இருந்தார்கள். மாறுவேடத்தில் போரிட்ட பெண்கள் இரு தரப்பிலுமாகச் சில நூறு பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதனால் இவர் ஒரே ஒருவர் இல்லை. போர் முடிந்தும் அந்த வாழ்வை விடாமல் தொடர்ந்ததில்தான் இவர் தனித்து நிற்கிறார்.

கூட இருந்தவர்கள் பின்னால் நினைவுகூர்ந்தது இதுதான். அமைதியான ஆள், எளிதில் பழகமாட்டார், விளையாட்டில் சேரமாட்டார். ஆனால் கம்பெனியில் மற்றவர்கள் செய்த வேலை எதுவானாலும் அவரும் செய்வார். அஞ்சமாட்டார். முன்னால் அனுப்ப நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றால் இவரை அனுப்புவார்கள். ஒருமுறை வேவு பார்க்கப் போய்ப் பிடிபட்டு, காவலாளியின் துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு ஓடி வந்ததாகவும் ஒரு கதை உண்டு. முதுமையில் சொல்லப்பட்ட கதை, அதனால் கொஞ்சம் தள்ளிவைத்தே பார்க்கிறேன். 'மற்றவர்கள் செய்ததை அவரும் செய்தார்' என்ற சாதாரண வாக்கியம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏனென்றால் அரை நூற்றாண்டுக்குப் பிறகு அவரைக் காப்பாற்றியது அதுதான்.

1865 ஆகஸ்ட் 17 அன்று படைப்பிரிவு கலைக்கப்பட்டது. மூன்று ஆண்டு ஒப்பந்தத்தை முழுதாக முடித்துவிட்டு நல்லபடியாக விடுவிக்கப்பட்டார்.

## சானமின் ஊரில் நாற்பது ஆண்டுகள்

போர் முடிந்ததும் அவருக்கு ஒரு வழி திறந்திருந்தது. சீருடையைக் கழற்றிவிட்டு, பழைய பெயரோடு, யாருக்கும் தெரியாத ஊரில் பெண்ணாக வாழப் போயிருக்கலாம். மாறுவேடத்தில் போரிட்ட பெண்கள் பலர் அதைத்தான் செய்தார்கள். இவர் செய்யவில்லை. முதலில் பெல்விடெருக்கே திரும்பிப்போய்க் கூடப் போரிட்ட ஒருவரோடு சேர்ந்து நாற்றுப்பண்ணை வைத்தார். 1869 வாக்கில் இல்லினாயிலேயே சானமின் என்ற சின்ன ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவர் செய்யாத வேலை இல்லை. பண்ணையில் கூலி, தேவாலயத்தில் துப்புரவு, கல்லறைத் தோட்டத்தில் பராமரிப்பு, சாயங்காலம் தெருவிளக்கு ஏற்றுவது. வேலை கொடுத்த ஒருவர் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீடு. சாப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டுக் குடும்பம். தேர்தல் வந்தால் ஓட்டு. இல்லினாயில் பெண்கள் அதிபர் தேர்தலில் ஓட்டுப்போடும் சட்டம் வந்தது 1913-ல், நாடு முழுவதற்கும் வந்தது 1920-ல். இந்தச் சிப்பாய் அதற்கு வெகுகாலம் முன்பே ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஓய்வூதியம் மட்டும் வெகுகாலம் தள்ளிப்போனது. 1890-ல் வந்த சட்டப்படி, உடல் உழைப்புக்கு லாயக்கில்லை என்று காட்டினால்தான் பணம். அதற்கு மருத்துவர் குழு முன்னால் நிற்க வேண்டும். 1907 பிப்ரவரியில் சட்டம் மாறியது. 90 நாள் பணி, நல்லபடியாக விடுவிக்கப்பட்டதற்கான சான்று, 62 வயது ஆகிய மூன்றும் இருந்தால் மாதம் 12 டாலர் கிடைக்கும் என்றானது. சிப்பாய்க்கு ஓய்வூதியம் தொடங்கியதும் அதே 1907-ல்தான். இதை நான் தற்செயலாகப் பார்க்கவில்லை. உடலைக் காட்டச் சொல்லாத சட்டம் வரும்வரை அவர் காத்திருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

## முதலில் தெரிந்துகொண்டவர்கள்

பிற்காலத்தில் ஒருமுறை அவர் நோயில் படுத்தார். அவருக்குச் சோறு போட்ட பக்கத்து வீட்டுக் குடும்பம் கவனித்துக்கொண்டபோது உண்மை தெரிந்தது. அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. தட்டு வைக்கும் இடத்தையும் மாற்றவில்லை.

1911 வாக்கில், அவர் வேலை பார்த்துவந்த மாநில மேலவை உறுப்பினரின் கார் அவர்மேல் மோதியது. கால் முறிந்தது. எலும்பைச் சேர்த்த மருத்துவருக்கு மறைக்க முடியாதபடி தெரிந்துவிட்டது. மருத்துவர் அதை வெளியே விடவில்லை. மேலவை உறுப்பினரும் வாய் திறக்கவில்லை. சரி, வாயை மூடிக்கொள்வது மட்டும் போதுமா? போதாது. கால் தளர்ந்துபோன, ஒண்டிக்கட்டையான ஒரு முதியவருக்கு ஒரு இடம் வேண்டும். அதற்கும் வழி செய்தார்கள். 1911 மே 5 அன்று, குயின்சி நகரில் முன்னாள் சிப்பாய்களுக்கும் கடற்படையினருக்கும் மாநில அரசு நடத்திய இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். போரிட்டவர் என்ற உரிமையில், போர்க்காலப் பெயரிலேயே.

இந்த முடிவை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஒரு ரகசியத்தைக் காப்பதும், அந்த ரகசியத்தோடு ஒருவர் வாழ இடம் பண்ணிக்கொடுப்பதும் இரண்டு தனி வேலைகள். அவர்கள் இரண்டையும் செய்தார்கள்.

குயின்சியிலும் பொறுப்பில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அங்கேயும் அவர் பழைய சிப்பாய்களில் ஒருவராகவே இருந்தார், அவர்களைப் போலவே உடுத்தினார். நிறுவனம் ஒன்று இப்படியும் நடந்துகொள்ள முடிந்திருக்கிறது. விதி அனுமதித்ததா என்பதல்ல, ஆள்கள் மனது வைத்தார்கள்.

## வாட்டர்டவுன்

மூன்று ஆண்டுகளில் அவர் நினைவு தடுமாறத் தொடங்கியது. இன்று மறதிநோய் என்போம். அன்று சித்தக்கலக்கம் என்று பொதுவாக எழுதினார்கள். 1914 மார்ச்சில் கிழக்கு மோலீன் பக்கத்தில் இருந்த வாட்டர்டவுன் அரசு மனநல மருத்துவமனைக்கு மாற்றினார்கள்.

குளிப்பாட்டும்போது ஊழியர்கள் பார்த்தார்கள். பெண் என்று தீர்மானித்தார்கள். பெண்களுக்கான உடுப்பை மாட்டினார்கள். அதாவது பாவாடை. இந்தக் காலத்தில்தான் செய்தித்தாள்களும் அவர் கதையைக் கையில் எடுத்தன.

முடிவு எடுத்தவர்கள் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து மனநல மருத்துவமனையில் எல்லாமே இரண்டு பக்கம்தான், ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம். உடல் எந்தப் பக்கமோ ஆளும் அந்தப் பக்கம். ஊழியர் ஒருவர் தனியாக யோசிக்க அங்கே இடமிருந்ததாகத் தெரியவில்லை. அவர்களில் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை: இவர் கடைசியாக எப்போது பாவாடை கட்டினார்?

அரை நூற்றாண்டுக்கு மேல் அவர் கட்டவே இல்லை. பாவாடை கட்டியவர் எட்டுவைக்கும் விதம் வேறு, படியேறும் விதம் வேறு. உட்கார்ந்து எழும்போது துணியை ஒரு கையால் ஒதுக்கிக்கொள்வது சின்ன வயதிலிருந்தே பழகி உடம்பில் ஊறிய செயல். இவர் உடம்பில் ஊறியிருந்தது கால்சட்டை. அதோடு ஏற்கெனவே முறிந்த கால். அதோடு, புதிதாக எதையும் மனதில் நிறுத்த முடியாத மூளை. இப்படிப்பட்டவருக்குக் கணுக்கால்வரை தொங்கும் துணியைக் கொடுப்பது, தரையில் கயிறு கட்டி நடக்கச் சொல்வது போலத்தான்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? பாவாடையின் நடுவே முன்னையும் பின்னையும் சேர்த்து ஊக்குப் போட்டார். ஒரு கால்சட்டை மாதிரி வந்தது. நினைவு கலைந்துவிட்டது என்று சான்று கொடுத்து அனுப்பப்பட்ட ஒருவர், தன் சிக்கலைத் தானே புரிந்துகொண்டு, கையில் கிடைத்த ஊக்கை வைத்துத் தீர்வும் கண்டார். இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி எப்படிச் சொல்வார்? ஊழியர்கள் அதைக் கிறுக்குத்தனத்தோடு சேர்த்துவிட்டார்கள் என்றே நினைக்க வேண்டியிருக்கிறது. உடுப்பு மாறவில்லை.

கூடப் போரிட்ட சார்ஜெண்ட் ஒருவர் பார்க்க வந்தார். விக்ஸ்பர்க் காலத்தில் அஞ்சா நெஞ்சத்துப் பையனாகப் பார்த்தவரை, இங்கே உடைந்துபோன எழுபது வயது மூதாட்டியாகப் பார்த்ததாகப் பின்னால் சொன்னார். பாவாடை கட்டச் சொன்னதுதான் உடைத்தது என்றும் சொன்னார். அந்த உடுப்பில் நடக்கத் தெரியாமல் திண்டாடுவார், ஒருநாள் தடுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது, அதன்பின் தேறவே இல்லை என்று ஊழியர்களே அவரிடம் தெரிவித்திருக்கிறார்கள்.

## ஓய்வூதிய விசாரணை

இதற்கிடையே 1914-ல் ஓய்வூதியத் துறை விசாரணை தொடங்கியது. சந்தேகம் நியாயமானதுதான். போரிட்டது ஓர் ஆண் என்று பதிவு சொல்கிறது, பணம் வாங்குவது ஒரு பெண் என்று செய்தித்தாள் சொல்கிறது. உண்மையான சிப்பாய் எப்போதோ இறந்துபோக, அவர் பெயரில் வேறொருவர் பணம் வாங்கியிருக்கலாம். அரசுப் பணம் கொடுப்பவர்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது.

விசாரணை அதிகாரிகள் படைத்தோழர்களைத் தேடிப்போய் வாக்குமூலம் வாங்கினார்கள். எல்லாருக்கும் அறுபது, எழுபது வயது. பெண் என்று அப்போது தெரியுமா என்றால், பெரும்பாலோருக்குத் தெரியாது, சந்தேகமும் வந்ததில்லை. ஆனால் கூட நடந்தவர் இவர்தானா என்றால் ஆமாம், இவரேதான் என்றார்கள். ஏமாற்றிவிட்டார் என்று வெகுண்டு எழ அவர்களுக்குக் காரணம் இருந்தது. மூன்று ஆண்டுகள் ஒரே கூடாரத்து வாழ்க்கை. இருந்தும் அவர்கள் தாங்கள் கண்ணால் பார்த்ததையே சாட்சியாகச் சொன்னார்கள். வேலை செய்தார், போரிட்டார், கூட இருந்தார்.

1915 பிப்ரவரியில் துறை முடிவு செய்தது: இவர்தான் அந்தச் சிப்பாய், ஆயுள்வரை ஓய்வூதியம் தொடரும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஓய்வூதியத் துறையும் மருத்துவமனையும் ஒரே ஆளைப் பற்றி, ஓராண்டு இடைவெளிக்குள் முடிவெடுத்தன. ஒன்று 'இவர் என்ன செய்தார்' என்று கேட்டு, தெரிந்தவர்களைத் தேடிப்போய் விசாரித்தது. மற்றொன்று யாரிடமும் கேட்கவில்லை, பார்த்தது உடலை மட்டும். அரசுக் கோப்புகளைக் கல்நெஞ்சுக்கு உதாரணம் சொல்வது நம் வழக்கம். இங்கே கோப்புதான் நீதி செய்தது.

ஆனால் அந்தத் தீர்ப்பு வாட்டர்டவுன் வார்டுக்குள் எதையும் மாற்றவில்லை. அரசின் ஒரு கை அவரைச் சிப்பாய் என்று ஏற்றுப் பணம் அனுப்பியபோது, இன்னொரு கை பாவாடை கட்டிவிட்டுக்கொண்டிருந்தது.

## இறப்பும் பிறகும்

1915 அக்டோபர் 10 அன்று இறந்தார். வயது 71.

வடக்குப் படையின் முன்னாள் வீரர்கள் சங்கம் இறுதிச்சடங்கை எடுத்து நடத்தியது. ராணுவச் சீருடை உடுத்தி, முழு ராணுவ மரியாதையோடு சானமினில் புதைத்தார்கள். கல்லில் போர்க்காலப் பெயர், ஜி கம்பெனி, 95-வது இல்லினாய் காலாட்படை என்று பொறித்தார்கள். கடைசி உடுப்பு என்னவோ அவர் விரும்பியபடியே அமைந்தது. அதை உறுதிசெய்தவர்கள் கூட்டாளிகள்.

சொத்துக்குப் பொறுப்பேற்றவருக்கு, பிறந்த பெயரையும் ஊரையும் தேடி உறுதிப்படுத்த ஒன்பது ஆண்டுகள் ஆனது. வாரிசு என்று வந்த யாரும் நம்பும்படியான சான்று காட்டவில்லை. மிஞ்சியிருந்த சுமார் 280 டாலர் மாவட்டக் கருவூலத்துக்குப் போனது. 1970-களில் ஊர்க்காரர்கள் இரண்டாவது கல் ஒன்றை நட்டார்கள். அதில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. விக்ஸ்பர்க்கில் இல்லினாய் வீரர்களுக்காக 1906-ல் திறந்த நினைவு மண்டபத்தில் முப்பத்தாறாயிரம் பெயர்களுக்கு நடுவே அவருடைய போர்க்காலப் பெயரும் இருக்கிறது. அது அவர் உயிரோடு இருந்தபோதே, உண்மை வெளிவருவதற்கு முன்பே பொறித்தது. வந்த பிறகு யாரும் அழிக்கவும் இல்லை. சானமினில் அவர் இருந்த ஒற்றை அறை வீட்டையும் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள்.

## எதை மாற்றியிருக்கலாம்

பெரிய சீர்திருத்தம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. வாட்டர்டவுனுக்கு முன்பே மூன்று இடங்களில் சரியான வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த அறிவு கைமாறவில்லை, அதுதான் கோளாறு. குயின்சியில் மூன்று ஆண்டுகள் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று வாட்டர்டவுனில் ஒருவர் கேட்டிருந்தால் கால்சட்டை கிடைத்திருக்கும். ரகசியம் காத்தவர்களின் பக்கமும் ஒரு குறை உண்டு. ரகசியம் என்பதாலேயே அதை முறையாக அடுத்த கைக்கு ஒப்படைக்க வழி இல்லாமல் போனது. நல்ல மனிதர்கள் வாய் திறக்காமல் காப்பாற்றியது, அந்த மனிதர்கள் பக்கத்தில் இருக்கும்வரைதான் செல்லுபடியானது.

மறதிநோய் உள்ளவரை இடம் மாற்றும்போது மருந்துப் பட்டியல் போகிறது, நோயின் பெயர் போகிறது. அவர் எப்படி உடுத்துவார், எந்தப் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பார் என்பவை போவதில்லை. ஒருவர் தன் உடுப்பைத் தானே மாற்றியமைத்தால், ஊக்குப் போட்டால், பிய்த்தால், கழற்றி எறிந்தால், அதை நோயின் அறிகுறியாகக் குறிப்பதற்கு முன், எது இடைஞ்சலாக இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஒரு கால் முறிந்தவருக்கு நீளத் துணி ஆகாது என்பதற்கு ஆணா பெண்ணா என்ற ஆராய்ச்சியே தேவையில்லை.

1914 மார்ச்சில் குயின்சியிலிருந்து ஒரு தாள் கூடப் போயிருந்தால், இவ்வளவு எழுதியிருந்தால் போதும்:

'வயது 70. போர்க்காலப் பெயரால் அழைக்கவும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கால்சட்டைதான், வேறு உடுப்பில் நடக்கப் பழக்கமில்லை. கால் முறிந்து கூடியது, விழாமல் பார்த்துக்கொள்ளவும். எழுதப் படிக்கத் தெரியாது, தாளில் எழுதிக் காட்டாமல் வாயால் சொல்லவும். பழைய படைக்காரர்கள் பார்க்க வந்தால் உள்ளே விடவும்.'